கொலைக் குற்றமும் மரண தண்டனையும்
செஞ்சிக் கைதிக் கிணறு நமக்கு உணர்த்துவது

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் பெரும்பாலும் கல்யாண மஹாலையும், நெற்களஞ்சியங்களையும், ராஜகிரியின் உச்சியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவர். சக்கரகுளத்தின் பக்கமாகச் சற்று நடந்து செல்வோர் வேறொரு காட்சியையும் காண்பர். அங்கே பெரும் பாறை ஒன்று மற்றொரு பாறையின்மீது தங்கி நிற்கின்றது. அதன் நடுவே மேலிருந்து கீழ்வரை இயற்கையாகவே ஒரு துவாரம் அமைந்திருக்கிறது. அதன் தலைமீது செங்கல்லால் வட்டமாகக் கைப்பிடிச் சுவர் எழுப்பியிருக்கின்றனர். அடிப்புறத்தை அடைத்துவிட்டால் அது நீரில்லாத கிணறு ஆகிவிடும். அதற்குக் கைதிக் கிணறு என்று பெயர். மரண தண்டனை பெற்றவர்களை இதனுள் தள்ளி, அன்னமும் தண்ணீருமின்றி மாளும்படி விட்டுவிடுவார்கள் என்பது கர்ண பரம்பரையாக வழங்கிவரும் செய்தி.

கோனார் வமிசத்தினர், நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், சிவாஜி மகாராஜா, மொகலாயர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என இத்தனை கொடிகள் பறந்த கோட்டை இது. 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் செஞ்சி இடம் பெற்றது. இதனால் தமிழ் மக்கள் பெருமை கொள்வது இயல்பே. ஆயினும் கோட்டையின் வீரத்தைப் போற்றும் நாம், அந்தக் கிணற்றின் அருகிலும் ஒரு கணம் நின்று சிந்திக்க வேண்டும். அதனுள் தள்ளப்பட்டவன் செய்த குற்றம் யாது? அவனை விசாரித்தவர் யார்? அவன் சொல்லிய சமாதானம் என்ன? அவனைக் காட்டிலும் குறைந்த குற்றம் செய்தவனுக்கும் அதே கிணறுதானா? இக்கேள்விகளுக்குப் பாறை விடை கூறாது. இவற்றுக்கு எழுத்து மூலமாக விடை கூறுவதே சட்டம் எனப்படுவது.

கொலை என்றால் என்ன, அதற்குத் தண்டனை யாது என்பதை வக்கீல்களும் நீதிபதிகளும் மட்டும் அறிந்தால் போதும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கின்றனர். இது தவறு. ஒரு ராஜ்யம் தன் பிரஜையின் உயிரைப் பறிக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்குமாயின், அவ்வதிகாரம் எப்பொழுது, எவ்வாறு, எந்த வரம்புக்குள் பிரயோகிக்கப்படுகிறது என்பதை அறிவது பிரஜையின் முதற் கடமையாகும். அதனாலேயே இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எடுத்துக் கூற முற்படுகின்றோம்.

பழைய நீதி

நம் முன்னோர் கொலையைப் பற்றி ஒரே விதமாக எண்ணியதில்லை. கொடிய கொலைகாரரை அரசன் ஒறுப்பதைப் பயிர் காக்கக் களை எடுப்பதற்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அதே தமிழ்நாட்டில், விசாரியாமல் விதித்த மரண தண்டனை ஓர் அரசனின் உயிரையும் ஒரு மாநகரையும் கொண்டுபோயிற்று என்பதைச் சிலப்பதிகாரம் காவியமாக்கிற்று. பொற்கொல்லன் ஒருவன் வாய்மொழியே சாட்சியாயிற்று; கோவலனை ஒரு வார்த்தை கேட்பார் இல்லை. தண்டிப்பதும் வேண்டும், தவறாகத் தண்டிப்பது அரசனையே அழிக்கும் என்ற இரு உண்மைகளையும் நம் இலக்கியம் ஒருங்கே கொண்டிருக்கிறது.

கல்வெட்டுக்கள் கூறுவது இன்னும் வியப்பானது. தொண்டைநாட்டிலும் அதனைச் சார்ந்த பகுதிகளிலும் சோழர் காலத்துச் சாசனங்கள் சில, வேட்டையில் குறி தவறி அம்பினால் மனிதனைக் கொன்றவனைப் பற்றிப் பேசுகின்றன. நாட்டார் கூடி விசாரித்தார்கள். கொல்லும் எண்ணம் இல்லை என்று கண்டார்கள். அவன் சாக வேண்டுவதில்லை. மாண்டவன் பொருட்டுக் கோயிலில் நந்தா விளக்கு எரியப் பசுக்களை விட வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். செயல் ஒன்றேயாயினும் மனம் வேறானால் குற்றமும் வேறு என்ற தத்துவத்தை நம் நாட்டுச் சபைகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பின்னர் நவாப்களின் ஆட்சியில் முகம்மதிய தண்டநீதி வழங்கிற்று. அம்முறையில் கொலை செய்யப் பயன்பட்ட ஆயுதம் எத்தகையது என்பதைக் கொண்டே பெரும்பாலும் கொலையாளியின் எண்ணத்தை நிர்ணயித்தனர். மாண்டவனின் வாரிசுகள் மன்னிக்கலாம்; ஈட்டுப் பணம் பெற்றுக்கொள்ளவும் செய்யலாம். 1790-இல் காரன்வாலிஸ் பிரபு வங்காளத்தில் இதனை மாற்றி, கொன்றவனின் எண்ணமே முக்கியம், வாரிசின் விருப்பம் தண்டனையைத் தடுக்காது என்று விதித்தார். கொலை என்பது ஒரு குடும்பத்துக்கும் மற்றொரு குடும்பத்துக்கும் உள்ள வழக்கு என்ற நிலை மாறி, சமூகம் முழுவதற்கும் எதிரான குற்றம் என்ற நிலை ஏற்பட்டது.

பினல் கோடு

மெக்காலேயின் தலைமையில் அமைந்த சட்டக் கமிஷன் 1837-இல் ஒரு நகலைத் தயாரித்தது. இருபத்து மூன்று வருஷங்கள் அது கிடப்பில் கிடந்து, 1857-ஆம் வருஷத்துப் பெரும் புரட்சிக்குப் பின் 1860-இல் இந்தியன் பினல் கோடாக நிறைவேறி, 1862 ஜனவரி முதல் தேதி அமுலுக்கு வந்தது. ஒரு நூற்று அறுபத்திரண்டு வருஷங்களுக்கு மேல் அதன் 302-ஆவது பிரிவு கிராமத்துத் திண்ணைகளிலும் வழங்கிய சொல்லாயிற்று. 2024-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து அதன் இடத்தில் பாரதிய நியாய சம்ஹிதை அமுலில் இருக்கிறது. 302 என்றிருந்தது இப்பொழுது 103 ஆயிற்று. அத்தேதிக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே செல்லும். பெயர் மாறிற்று, எண் மாறிற்று, ஆனால் கொலைக்குரிய இலக்கணம் ஏறக்குறைய மெக்காலே காலத்து உருவிலேயே இருந்து வருகிறது.

அவ்விலக்கணம் யாது? சட்டம் முதலில் ஒரு பெரிய வட்டம் வரைகிறது. சாவை விளைவிக்கும் எண்ணத்தோடோ, சாவை விளைவிக்கக் கூடிய காயம் உண்டாக்கும் எண்ணத்தோடோ, தன் செயலால் சாவு நேரக்கூடும் என்ற அறிவோடோ ஒருவன் சாவை விளைவித்தால் அது குற்றமான உயிர்ப்போக்கல். அப்பெரிய வட்டத்துக்குள் ஒரு சிறிய வட்டம் உண்டு. அதுவே கொலை. எல்லாக் கொலையும் குற்றமான உயிர்ப்போக்கல்தான். ஆனால் குற்றமான உயிர்ப்போக்கல் எல்லாம் கொலையாகாது. இவ்விரு வட்டங்களுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் அநேக மனிதர்களுடைய உயிரைத் தாங்கி நிற்கிறது.

நான்கு வகையில் ஒரு செயல் சிறிய வட்டத்துக்குள் வரும். கொல்ல வேண்டும் என்றே செய்தல் முதலாவது. இன்ன மனிதனுக்கு இந்தக் காயமே சாவைக் கொண்டு வரும் என்று அறிந்து செய்தல் இரண்டாவது. நோயாளி என்று தெரிந்தே ஒருவனை அடிப்பது போன்றது. இயற்கையின் சாதாரண கதியில் சாவுக்குப் போதுமான காயத்தை வேண்டுமென்றே உண்டாக்குதல் மூன்றாவது. தக்க காரணமின்றி, சாவு அநேகமாக நிச்சயம் என்று தெரிந்தும், மிக அபாயகரமான செயலைச் செய்தல் நான்காவது.

மூன்றாவது வகையே நீதிமன்றங்களில் அதிகமாக வாதிக்கப்படுவது. வீர்ஸா சிங் வழக்கில் 1958-இல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி விவியன் போஸ் இதனைத் தெளிவுபடுத்தினார். அவ்வழக்கில் ஈட்டியால் ஒரே குத்துத்தான். கொல்லும் நோக்கமில்லை என்று எதிரி தரப்பில் வாதித்தனர். நீதிபதி கூறியதன் சாரம் இது: அந்தக் காயத்தையே உண்டாக்க அவன் எண்ணினானா, தற்செயலாக நேர்ந்ததா என்று பார்க்க வேண்டும், அந்தக் காயம் இயற்கையாகச் சாவுக்குப் போதுமானதா என்று தனியே பார்க்க வேண்டும், இரண்டும் ருசுவானால், கொல்ல எண்ணவில்லை என்று சொல்வதால் பயனில்லை. “பயமுறுத்தத்தான் குத்தினேன்” என்பவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

பீரங்கியும் கூட்டமும்

நான்காவது வகைக்குச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் தரப்பட்டிருக்கிறது. நிரப்பிய பீரங்கியை ஒருவன் தக்க காரணமின்றி ஜனக்கூட்டத்தின்மீது சுடுகிறான், ஒருவர் மாள்கிறார். இன்னாரைக் கொல்ல வேண்டும் என்று அவன் முன்னரே தீர்மானித்திராவிட்டாலும் அவன் கொலைக் குற்றவாளியே. ராஜகிரியின் உச்சியில் கிடக்கும் பழைய பீரங்கியைப் பார்க்கும்பொழுது இவ்வுதாரணம் நம் நினைவுக்கு வந்தது. அதனோடு மற்றொன்றும் நினைவுக்கு வந்தது.

1919-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி அமிருதசரசில் ஜாலியன்வாலா பாக்கில், ஆயுதமற்ற ஜனக்கூட்டத்தின்மீது ஜெனரல் டயர் எச்சரிக்கையின்றிச் சுடும்படி உத்தரவிட்டார். 1,650 குண்டுகள் பாய்ந்தன. சர்க்கார் கணக்கின்படியே மாண்டவர் 379 பேர். பினல் கோட்டின் உதாரணத்தை இதற்கென்றே எழுதிவைத்தாற்போல் இல்லையா? ஆயினும் டயர் எந்தக் கொலை வழக்கிலும் கூண்டில் நிற்கவில்லை. அவ்வருஷமே அதிகாரிகளைக் காக்க இண்டெம்னிட்டி சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பதவியிலிருந்து விலக்கப்பட்டதே அவர் கண்ட தண்டனை. சட்டத்தின் சொற்கள் எவ்வளவு செம்மையாக இருப்பினும், அவற்றை யார்மீது செலுத்துவது என்பதை ஆள்வோரின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டால் அச்சொற்கள் வெறும் மையே ஆகும். அந்நிய ஆட்சி ஒழிந்தபின்னும் இப்பாடத்தை நாம் மறத்தல் ஆகாது.

சென்னை ஹைகோர்ட்டின் மூன்று வழக்குகள்

மனத்தின் நிலையை அளப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சென்னை ஹைகோர்ட்டின் தீர்ப்புகள் மூன்று காட்டுகின்றன. இந்நாட்டுச் சட்டக் கல்லூரிகள் அனைத்திலும் இவற்றை மாணவர்கள் படிக்கின்றனர்.

முதலாவது 1912-ஆம் வருஷத்தது. ஒருவன் தான் கொல்ல எண்ணிய மனிதனுக்கு விஷம் கலந்த அல்வாவைக் கொடுத்தான். அம்மனிதன் சிறிது தின்று மிச்சத்தைப் போட்டுவிட்டான். அதை அறியாத சிறுமி ஒருத்தி எடுத்துத் தின்று மாண்டாள். குறிவைத்தவன் பிழைத்துக்கொண்டான். சிறுமியைக் கொல்ல எண்ணமே இல்லையே என்பது வாதம். நீதிபதிகளுக்குள் அபிப்பிராய பேதம் ஏற்பட்டது. சுந்தரய்யர் கொலையாகாது என்றார். பென்ஸன், அப்துர் ரஹீம் ஆகியோர் கொலையே என்றனர். பெரும்பான்மை அபிப்பிராயமே நிலைத்தது. ஒருவனைக் கொல்ல எண்ணி எய்த அம்பு வேறொருவனைக் கொன்றாலும் எய்தவனின் கொடுமை குறைவதில்லை என்பது இதன் தாத்பரியம்.

இரண்டாவது 1919-ஆம் வருஷத்துப் பழனிக் கவுண்டன் வழக்கு. ஒருவன் தன் மனைவியைக் கலப்பைக் கொழுவால் தலையில் அடித்தான். அவள் மயங்கி விழுந்தாள். இறந்துவிட்டாள் என்று எண்ணி, தானே தூக்கிட்டுக்கொண்டாற்போல் தோன்றும்படி அவளை உத்தரத்தில் தொங்கவிட்டான். வைத்தியப் பரிசோதனையில் அவள் உயிர் போனது அடியினால் அன்று, தூக்கினால் என்று தெரிந்தது. அடித்தபொழுது கொல்லும் எண்ணம் ருசுவாகவில்லை. தொங்கவிட்டபொழுது பிணம் என்றே எண்ணினான். பிணத்தைக் கொல்ல முடியுமோ? ஆகவே கொலைக் குற்றம் நிலைக்காது என்று மூன்று நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு முடிவு செய்தது. படிப்பவருக்கு ஆத்திரம் வரலாம். ஆனால், அருவருப்பான செயலைச் செய்தவன் என்பதற்காக, அவன் மனத்தில் இல்லாத எண்ணத்தை இருந்ததாக வைத்துத் தூக்கிலிடச் சட்டம் மறுத்தது என்பதே இதன் பொருள். அடித்துக் கொடுங்காயம் விளைவித்ததற்குரிய தண்டனையிலிருந்து அவன் தப்பவில்லை.

மூன்றாவது 1943-இல் வெளிவந்த தவமணி வழக்கு. இங்கும் ஒரு பெண்ணைத் தாக்கிய பின்னர், மாண்டுவிட்டாள் என்று எண்ணிக் கிணற்றில் போட்டதாகவே வாதம். ஆனால் தொடக்கத்திலேயே கொல்லும் எண்ணம் இருந்ததென்று ருசுவாயிற்று. அடியும் கிணறும் ஒரே எண்ணத்தின் இரண்டு படிகள். எந்தப் படியில் உயிர் போயிற்று என்று பார்க்க வேண்டுவதில்லை. இது கொலையே என்று கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். 1919-ஆம் வருஷத் தீர்ப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், முதல் அடியின்போது மனத்தில் இருந்தது யாது என்பதொன்றே. அந்த ஒன்றே ஓர் உயிரைத் தூக்குமரத்திலிருந்து பிரிக்கிறது.

ஐந்து விலக்குகள்

சிறிய வட்டத்துக்குள் வந்துவிட்ட செயலையும் வெளியே கொண்டுவரச் சட்டம் ஐந்து வாயில்கள் வைத்திருக்கிறது. கடுமையான, திடீரென்று நேர்ந்த கோபமூட்டல். தற்காப்பு உரிமையின் எல்லையை நல்லெண்ணத்தோடு மீறுதல். ராஜாங்க ஊழியர் கடமையின் எல்லையை நல்லெண்ணத்தோடு மீறுதல். முன்யோசனையின்றி எழுந்த திடீர்ச் சண்டை. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவரின் சம்மதம். இவற்றுள் ஒன்று ருசுவானால் கொலை கொலையல்லாத உயிர்ப்போக்கல் ஆகிறது, தூக்கு நீங்குகிறது.

கடைசி விலக்கைப் பற்றிச் செஞ்சியிலிருந்தே ஒன்று கூறலாம். 1714-ஆம் வருஷம் அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுடன் போரிட்டுத் தேஜ் சிங் என்னும் தேசிங்கு ராஜன் வீழ்ந்தான். அவனுடைய இளமனைவி உடன்கட்டை ஏறினாள் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அவள் பெயராலேயே ராணிப்பேட்டை ஏற்பட்டது என்றும் கூறுவர். அக்காலத்தில் அதனைக் குற்றம் என்று எவரும் எண்ணவில்லை. 1829-இல் வங்காளத்திலும் 1830-இல் சென்னை ராஜதானியிலும் ஏற்பட்ட ரெகுலேஷன்கள், பெண் தானே விரும்பினாள் என்றாலும் சரி, விரும்பவில்லை என்றாலும் சரி, உடன்கட்டைக்குத் துணை நிற்போர் யாவரும் உயிர்ப்போக்கல் குற்றவாளிகளே என்று விதித்தன. ராஜா ராம்மோகன் ராய் போன்ற நம் நாட்டுப் பெரியோரின் போராட்டமே அதற்கு வழி செய்தது. நேற்று வரை தர்மம் எனப்பட்டது இன்று கொலையாகலாம் என்பதற்கு இது சான்று. சட்டம் வானத்திலிருந்து விழுவதன்று. ஜன சமூகத்தின் மனச்சாட்சி விழிக்க விழிக்க அதுவும் விரிகிறது.

முதல் விலக்கும் அவ்வாறே விரிந்திருக்கிறது. கோபமூட்டல் திடீரென்று இருக்க வேண்டும் என்பது சட்டம். நானாவதி வழக்கில் 1961-இல் சுப்ரீம் கோர்ட்டு, மனைவியின் வாக்குமூலத்தைக் கேட்டபின் துப்பாக்கியைப் பெற்றுக்கொண்டு சென்று சுடுவதற்குள் மனம் அடங்கப் போதிய நேரம் இருந்தது என்று கூறி, கொலைத் தீர்ப்பை உறுதி செய்தது. ஆண்மகனின் ஒரு கணக் கோபத்துக்குச் சட்டம் இடம் வைத்தது. வருஷக்கணக்காக அடியும் பட்டினியும் பொறுத்துவந்த பெண்ணின் துயரத்துக்கு இடம் வைத்ததா? நல்லதங்காள் கதையைக் கேட்டுக் கண்ணீர் விடாத தமிழர் இல்லை. குழந்தைகளோடு கிணற்றில் விழும் தாயின் செயலைப் பற்றிச் சென்னை ஹைகோர்ட்டு 1989-ஆம் வருஷத் தீர்ப்பொன்றில் அந்நல்லதங்காளின் பெயரையே சொல்லி ஆராய்ந்தது. திடீர்க் கோபமூட்டல் மட்டுமன்றி, நெடுங்காலம் நீடித்த கோபமூட்டலும் கணக்கில் கொள்ளத்தக்கதே என்ற கொள்கையை ஏற்றது. ஏட்டில் இல்லாததைத் தமிழ்நாட்டுக் கதை ஒன்று சட்டத்துக்குக் கற்றுக்கொடுத்தது என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

தண்டனை

இனித் தண்டனையைப் பற்றிப் பார்ப்போம். கொலைக்குத் தூக்கு அல்லது ஆயுள் தண்டனை, அபராதமும் உண்டு என்பதே சட்டம். ஆயுள் தண்டனை முன்னாளில் தீவாந்திர சிக்ஷையாக இருந்தது. அந்தமான் என்ற பெயரைக் கேட்டாலே தேசபக்தர்களின் குடும்பங்கள் நடுங்கும். 1955-ஆம் வருஷத் திருத்தத்தால் அது ஆயுட்கால சிறைவாசமாயிற்று. ஆயுள் என்றால் பதினான்கு வருஷம் என்று பலர் நினைப்பது பிழை. ஆயுள் என்றால் இயற்கையாக உயிர் பிரியும் வரை என்று 1961-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்தது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் பெற்றவனைப் பதினான்கு வருஷத்துக்கு முன் சர்க்கார் விடுதலை செய்யலாகாது என்பதே 1978-இல் சேர்ந்த விதியின் பொருள். பதினான்கில் விட்டே தீர வேண்டும் என்பதன்று.

இரண்டு தண்டனைகளுள் எதை விதிப்பது? இதில்தான் நாடு சுதந்திரம் அடைந்தபின் பெரிய மாறுதல் நேர்ந்திருக்கிறது. 1898-ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின்படி தூக்கே விதி; தூக்கிடாமல் விட்டால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். 1955-இல் அந்நிபந்தனை நீங்கிற்று. 1973-ஆம் வருஷச் சட்டம் அதனைத் தலைகீழாக்கி, ஆயுளே விதி, தூக்கு விதித்தால் விசேஷ காரணம் எழுத வேண்டும் என்றது. 1980-இல் பச்சன் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு மரண தண்டனை அரசியல் சட்டத்துக்கு முரணன்று என்று கூறினும், அரிதிலும் அரிதான வழக்கில் அன்றி அதனை விதித்தல் ஆகாது என்று வரம்பு கட்டிற்று. ஆயுள் கைதி கொலை செய்தால் தூக்கே அன்றி வேறில்லை என்ற பழைய 303-ஆவது பிரிவை 1983-இல் அதே கோர்ட்டு செல்லாது என்று தள்ளிற்று. செஷன்ஸ் கோர்ட்டு விதிக்கும் எந்த மரண தண்டனையும் ஹைகோர்ட்டு உறுதி செய்யாமல் நிறைவேறாது.

புதிய சம்ஹிதை ஒன்றைச் சேர்த்திருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ கூடி இனம், ஜாதி, சமூகம், பால், பிறந்த இடம், மொழி, சொந்த நம்பிக்கை முதலிய காரணங்களால் கொலை செய்தால், கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தூக்கு அல்லது ஆயுள் என்பது 103-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. கும்பலில் ஒளிந்துகொள்ளும் கோழைக்கு இது எச்சரிக்கை. ஜாதி விட்டு ஜாதி மணந்தவர்களை உற்றாரே வெட்டி வீழ்த்தும் அவமானம் நம் மாகாணத்திலும் நிகழ்ந்து வருகிறது. குடும்ப மானம் என்பது ஐந்து விலக்குகளில் ஒன்றன்று என்பதை ஊர்ப் பெரியோர் உரக்கச் சொல்ல வேண்டும். திட்டமிட்டு வாங்கிய அரிவாளுக்குத் திடீர்க் கோபம் என்று பெயரிட முடியாது.

நமது கருத்து

ஆகவே மரண தண்டனை இருக்கலாமா? இக்கேள்வியைத் தேசிய இயக்கம் முன்பே எழுப்பி விடையும் கூறியிருக்கிறது. பகத் சிங்கும் அவருடைய தோழர்கள் இருவரும் 1931 மார்ச் 23-இல் தூக்கிலிடப்பட்டனர். மேல் கோர்ட்டுக்கு அப்பீல் இல்லாத விசேஷ டிரிபியூனல் அவர்களை விசாரித்தது. சில தினங்களில் கராச்சியில் கூடிய காங்கிரஸ் அடிப்படை உரிமைகளைப் பற்றித் தீர்மானம் செய்தது. அவ்வருஷமே அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி அதனைச் செப்பனிட்டபொழுது, சுயராஜ்யத்தில் மரண தண்டனை இராது என்ற விதியும் அதில் இடம் பெற்றது. 1949 ஜூன் மாதம் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கரும், மரண தண்டனையை ஒழிப்பதையே தாம் விரும்புவதாகக் கூறினார். மகாத்மாவைக் கொன்றவனையும் தூக்கிலிட வேண்டாம் என்று அம்மகாத்மாவின் புதல்வர்களே வேண்டிக்கொண்டனர். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை, 1949 நவம்பர் 15-இல் தூக்கு நிறைவேறிற்று. 2015-இல் சட்டக் கமிஷன், பயங்கரவாதக் குற்றங்கள் நீங்கலாக மரண தண்டனையை ஒழிக்கலாம் என்று சிபார்சு செய்தது. அதுவும் ஏட்டளவில் நிற்கிறது.

கொலையுண்டவனின் மனைவி மக்கள் படும் வேதனையை நாம் சிறிதும் மறக்கவில்லை. அவர்களுக்கு நியாயம் கிடைக்க வேண்டும்; விரைவிலும் கிடைக்க வேண்டும். ஆனால் தவறே செய்யாத நீதிமன்றம் உலகில் இல்லை. 1944 நவம்பரில் சென்னையில் நிகழ்ந்த லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கைத் தமிழர் மறந்திருக்க மாட்டார்கள். தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் ஜூரியால் குற்றவாளிகள் எனப்பட்டு 1945-இல் தீவாந்திர சிக்ஷை பெற்றனர். பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்றது. 1947-இல் ஹைகோர்ட்டு மறுபடி ஆராய்ந்து அவர்களை விடுதலை செய்தது. அவர்களுக்குத் தூக்கு விதித்து நிறைவேற்றியிருந்தால், பின்னர் வந்த அத்தீர்ப்பு யாருக்குப் பயன்பட்டிருக்கும்? பணமும் புகழும் உள்ள அவர்களாலேயே கடல் கடந்து அப்பீல் செய்ய முடிந்தது. செஞ்சித் தாலுகாவில் ஒரு கூலித் தொழிலாளிக்கு அத்தகைய நிலை நேர்ந்தால் அவனுக்காகப் பேசுபவர் யார்?

இக்கேள்வியே எல்லாவற்றினும் முக்கியமானது. கொலையா, கொலையல்லாத உயிர்ப்போக்கலா என்பது மனத்தின் நிலையைப் பொறுத்தது என்று கண்டோம். அந்நிலையை வெளிக்கொணர்வது சாட்சியும் குறுக்கு விசாரணையும் திறமையான வாதமுமே. ஏழையின் வழக்கில் வக்கீல் பெயரளவுக்கு நிற்பாராயின், ஐந்து வாயில்களும் அவனுக்கு அடைத்த வாயில்களே. இலவசச் சட்ட உதவி ஏழையின் உரிமை என்று அரசியல் சட்டம் கூறுகிறது. அதற்கான ஸ்தாபனங்களும் மாவட்டந்தோறும் உள்ளன. தேசத் தொண்டில் நாட்டமுடைய இளைஞர்கள், கைது நடந்த தினத்திலேயே அவ்வுதவி அக்குடும்பத்துக்குக் கிட்டும்படி செய்வதைத் தங்கள் பணிகளில் ஒன்றாகக் கொள்ள வேண்டும். அவ்வாறே, கண்ணால் கண்டதைக் கூண்டில் ஏறிச் சொல்லும் தைரியத்தையும் ஊரார் பெற வேண்டும். சாட்சி பின்வாங்கினால் கொலைகாரன் தப்புவான். பொய்ச்சாட்சி முன்வந்தால் நிரபராதி மாள்வான். இரண்டாலும் சட்டம் சாகிறது.

அதுவரை நாம் கோருவது இது. சர்க்கார் 2015-ஆம் வருஷச் சிபார்சைப் பார்லிமெண்டின் முன் வைத்து விவாதிக்க வேண்டும். கராச்சியில் கொடுத்த வாக்கு இன்னும் நிறைவேறவில்லை என்பதைத் தேசபக்தர்கள் தங்கள் பிரதிநிதிகளுக்கு நினைவூட்ட வேண்டும். கொலையை வெறுக்கும் சமூகம், கொல்வதில் நிதானமுடையதாகத்தான் இருத்தல் இயலும்.

செஞ்சிக்குச் செல்லும் அன்பர்கள் ராஜகிரியில் ஏறி அதன் வீரத்தைப் போற்றட்டும். இறங்கி வரும்பொழுது கைதிக் கிணற்றையும் பார்க்கட்டும். அதனுள் தள்ளுவது எளிது. தள்ளியவனை மேலே கொண்டுவர எந்த அரசனாலும் முடிந்ததில்லை.